தொகுதிக் கோடுகளும் ஒரு வாக்குறுதியும்: ஜனநாயகக் கட்சித் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: செனட் சபையின் சிறுபான்மைத் தலைவர் சக் ஷூமர், பிரதிநிதிகள் சபையின் சிறுபான்மைத் தலைவர் ஹக்கீம் ஜெஃப்ரீஸ், ஜனநாயகக் கட்சித் தேசியக் குழுவின் தலைவர் கென் மார்ட்டின்

வேக் கவுண்டி, வட கரோலைனா
ஜனவரி 2026

மதிப்பிற்குரியீர்,

வட கரோலைனா மாநிலத்தின் வேக் கவுண்டியில் வாழும், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒரு தமிழ் வாக்காளராக இம்மடலை எழுதுகிறேன். குடியுரிமை பெற்ற நாள்முதல் உங்கள் கட்சியின் வேட்பாளர்களுக்கே வாக்களித்து வந்திருக்கிறேன். மருத்துவக் காப்பீடு, தொழிலாளர் உரிமை, குடியேறியோர் உரிமை ஆகிய எல்லாவற்றிலும் உங்கள் தலைமையைவிடச் சற்று இடப்பக்கமாகவே நிற்பவன் என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை. உங்கள் அலுவலகங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று தெரியாது. ஆனால் எங்கள் கவுண்டியின் கேரி, மோரிஸ்வில் ஊர்களில் வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும் தமிழர்கள் இதைப் படிப்பார்கள். உங்களிடம் கேட்க வேண்டியதை அவர்கள் முன்னிலையில் கேட்பதே முறை என்று எனக்குத் தோன்றியது.

கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுத் தலைவர் பதவியும் அடுத்த முறை உங்கள் கைக்கு வரும்போது, தொகுதிகளை எவர் வரைவது, வாக்காளர் பட்டியலை எவர் காப்பது என்பவற்றுக்கான தேசியச் சட்டத்தை முதல் சட்டமாக நிறைவேற்றுவோம் என்றும், பெரும்பாலான மசோதாக்களை இறுதி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும் என்ற செனட்டின் 60 வாக்கு விதி அதற்குத் தடையாக நின்றால் அந்த விதியை மாற்றுவோம் என்றும், வரும் நவம்பர் 3 இடைக்காலத் தேர்தலுக்கு முன்பே நீங்கள் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஜனநாயகத்தைக் காப்போம் என்ற சொற்களை ஏழெட்டு ஆண்டுகளாக உங்கள் மேடைகளில் கேட்டுவருகிறோம். நள்ளிரவுக்குள் 15 டாலர் அனுப்பாவிட்டால் குடியரசே கவிழ்ந்துவிடும் என்று கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளுக்கும் பழகிவிட்டோம். அச்சொற்களுக்கு உரிய சட்டம் மட்டும் இன்னும் வரவில்லை.

எங்கள் மாநிலத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன். நாட்டுக்கே நேர்ந்ததை அதில் சுருக்கமாகக் காணலாம். இந்தியாவிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்களுக்கு முதலில் நம்பவே கடினமாக இருக்கும் செய்தி, பல மாநிலங்களில் தொகுதியின் எல்லையை அத்தொகுதியில் போட்டியிடுபவர்களின் கட்சிக்காரர்களே சட்டமன்றத்தில் உட்கார்ந்து வரைகிறார்கள் என்பது. வட கரோலைனாவில் அவ்வாறு வரைந்த வரைபடத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் ஆளுநருக்குக்கூட இல்லை. 2016இல் எங்கள் சட்டமன்றத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர் டேவிட் லூயிஸ், பிரதிநிதிகள் சபையில் தம் கட்சிக்கு 10 இடமும் உங்கள் கட்சிக்கு 3 இடமும் வரும்படி வரையலாம் என்று குழுக் கூட்டத்திலேயே முன்மொழிந்தார். 11க்கு 2 என்று வரைவது இயலாத காரியம் என்று தாம் கருதுவதால்தான் 10 கேட்பதாகவும் விளக்கினார். மறைக்க வேண்டும் என்ற எண்ணம்கூட எழாத அளவுக்கு அது இயல்பாகிவிட்டிருந்தது. அந்த வரைபடத்தின் மீதான வழக்கில்தான் 2019 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதிகளை வளைப்பது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய விவகாரம் அல்ல என்று கதவை அடைத்தது.

2022இல் மாநில நீதிமன்றத்தின் தலையீட்டால் ஒரு தேர்தலுக்கு மட்டும் நியாயமான வரைபடம் கிடைத்தது. 14 இடங்களும் கட்சிக்கு ஏழாகப் பிரிந்தன. இரண்டு கட்சிகளும் ஏறத்தாழச் சமபலம் கொண்ட மாநிலத்தில் அது வியப்புக்குரிய விளைவு அன்று. அதே ஆண்டு நடந்த நீதிபதித் தேர்தலில் மாநில உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை மாறியது. புதிய பெரும்பான்மை 2023 ஏப்ரலில் பழைய தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் புதிய கோடுகள் வரையப்பட்டன. உங்கள் கட்சியின் ஜெஃப் ஜாக்சன், வைலி நிக்கல், கேத்தி மேனிங் ஆகிய மூவரும் தங்கள் இடங்களுக்கு மீண்டும் போட்டியிடவே இல்லை. போட்டியிட்டு வெல்ல அங்கு ஒன்றும் மிச்சம் வைக்கப்படவில்லை. 2024இல் இதே மக்கள் ஆளுநராக ஜோஷ் ஸ்டைனை ஏறத்தாழ 15 புள்ளி வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலில் டிரம்ப்புக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி முன்னிலை தந்தார்கள். பிரதிநிதிகள் சபைக்குப் போனவர்களோ 10க்கு 4.

இந்த மூன்று இடங்களின் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2024 தேர்தலின் முடிவில் பிரதிநிதிகள் சபை 220க்கு 215 என்று அமைந்தது. எங்கள் மாநிலத்தின் பழைய வரைபடம் நீடித்து, மூன்று இடங்களும் மாறாமல் இருந்திருந்தால் அது 217க்கு 218 ஆகியிருக்கும். ஜெஃப்ரீஸ் அவர்களே, நீங்கள் சபாநாயகராகியிருப்பீர்கள். பிற மாநிலங்களிலும் கோடுகள் இரு பக்கமும் நகர்ந்திருப்பதால் கணக்கு இவ்வளவு எளிதன்று என்பதை அறிவேன். ஆனாலும் 2025 மே 22 அன்று குறைந்த வருவாயினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் நிதியை வெட்டும் பெரிய மசோதா அதே சபையில் முதன்முறை நிறைவேறியது 215க்கு 214 என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில்தான். ஜூலையில் இறுதி வடிவம் நிறைவேறியது 218க்கு 214இல். அச்சட்டத்தால் 2034க்குள் கூடுதலாக ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்பது நாடாளுமன்றத்தின் வரவுசெலவுத் திட்ட அலுவலகத்தின் மதிப்பீடு. வட கரோலைனாவில் 2023 டிசம்பரில்தான் மெடிக்கெய்ட் விரிவாக்கம் நடைமுறைக்கு வந்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முதன்முறையாக மருத்துவரிடம் அட்டையை நீட்டினார்கள். கூட்டாட்சி அரசின் பங்கு 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த விரிவாக்கமே முடிவுக்கு வரும் என்று எங்கள் மாநிலச் சட்டம் சொல்கிறது. வாக்குரிமை என்பது படித்தவர்களின் கவலை, மளிகை விலையும் மருத்துவச் செலவுமே சாதாரண மக்களின் கவலை என்று உங்கள் ஆலோசகர்கள் கூறும்போதெல்லாம் இந்த ஒற்றை வாக்கை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். எங்கள் கவுண்டிகளில் இரண்டும் ஒரே கவலை.

அதோடும் நிற்கவில்லை. 2025 அக்டோபரில் டிரம்ப்பின் விருப்பத்துக்கு இணங்கி, கணக்கெடுப்பும் இல்லாமல் நீதிமன்ற ஆணையும் இல்லாமல், முதலாம் தொகுதியை மீண்டும் கலைத்து வரைந்தார்கள். நோக்கம் 11க்கு 3. டான் டேவிஸ் இப்போது பிரதிநிதியாக இருக்கும் இந்த வடகிழக்குத் தொகுதியின் வரலாறு உங்கள் கட்சிக்கும் உரியது என்பதால் அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே பகுதியிலிருந்துதான் ஜார்ஜ் ஹென்றி வைட் நாடாளுமன்றம் சென்றார். அன்றைக்கு அங்கிருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் அவர். 1898 நவம்பரில் வில்மிங்டன் நகரில் வெள்ளை நிறவெறியர்கள் ஆயுதமேந்தி, மக்கள் தேர்ந்தெடுத்த நகர அரசைக் கவிழ்த்துக் கறுப்பின மக்களைக் கொன்று குவித்தார்கள். 1900இல், கறுப்பின மக்களை வாக்களிக்க விடாமல் தடுக்கும் எழுத்தறிவுத் தேர்வு மாநில அரசியல் சட்டத்தில் ஏறியது. 1901 ஜனவரியில் வைட் தம் இறுதி உரையை ஆற்றி விடைபெற்றபோது, தம் மக்கள் ஒருநாள் மீண்டும் எழுந்து இச்சபைக்கு வருவார்கள் என்று கூறினார். வட கரோலைனாவிலிருந்து அடுத்த கறுப்பினப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டது 1992இல். அவர்களில் ஒருவரான ஈவா கிளேட்டன் வென்றது இந்த முதலாம் தொகுதியில்.

1898இல் அக்கொடுமையைத் திட்டமிட்டு நடத்தியவர்கள் அன்றைய ஜனநாயகக் கட்சியினர். 1900இன் தேர்வை எழுதிச் சேர்த்ததும் அவர்களே. பயனற்றதாகிவிட்ட அந்த வாசகம் எங்கள் மாநில அரசியல் சட்டத்தில் இன்றும் நீக்கப்படாமல் கிடக்கிறது. இன உரிமை விஷயத்தில் கட்சிகள் இடம் மாறிக்கொண்ட வரலாற்றை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்; பழம்பழியைச் சுமத்த இதை எழுதவில்லை. தேர்தல் விதிகளை ஆள்பவரின் நல்லெண்ணத்தை நம்பி விட்டுவைத்தால் எந்தக் கட்சியும் எதையும் செய்யும் என்பதற்கு உங்கள் கட்சியின் சொந்த ஏடுகளே போதுமான சான்று என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்த நல்லெண்ணத்தை நம்பாமல் இருப்பதற்காகத்தான் 1965 ஆகஸ்ட் 6 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் எங்கள் வேக் கவுண்டியின் ராலே நகரில், ஷா பல்கலைக்கழகத்தில், கறுப்பின உரிமைப் போராளி எலா பேக்கரின் வழிகாட்டுதலில் கூடிய மாணவர்கள் அமைத்த இயக்கமும், அலபாமாவின் செல்மா பாலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ஜான் லூயிஸ் முதலியோர் வாங்கிய அடியும் அக்கையெழுத்துக்குப் பின்னால் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அதே ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்தான் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கி, இந்தியாவிலிருந்து என்போன்றோர் இங்கு வர வழி திறந்தது. இவ்விரு சட்டங்களும் ஒரே போராட்டக் காலத்தின் பிள்ளைகள். முதலாவதற்கு இரத்தம் சிந்தியவர்களுக்கு இரண்டாவதன் பயனாளிகளாகிய நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். எங்கள் சமூகத்தில் பலர் இதை மறந்துவிட்டார்கள் என்பது என் தனிக் குறை. அதை அவர்களிடம் நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்படி, எங்கள் மாநிலத்தின் 100 கவுண்டிகளில் 40 கவுண்டிகள் தேர்தல் விதி எதையும் மாற்றுவதற்கு முன் கூட்டாட்சி அரசின் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதன் அடித்தளத்தை உருவியது. மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையை வீசி எறிவதைப் போன்றது இது என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தம் மாற்றுத் தீர்ப்பில் எழுதினார். வட கரோலைனா சட்டமன்றம் அந்தக் கோடைக்காலம் முடியும் முன்பே முன்கூட்டிய வாக்களிப்பு நாட்களைக் குறைத்து, அடையாள அட்டைகளில் வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி ஏற்கும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. கறுப்பின வாக்காளர்களை அறுவைச் சிகிச்சைக்கு நிகரான துல்லியத்துடன் குறிவைத்தது என்று கூறி 2016இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது. இப்போது எஞ்சியிருக்கும், இனப் பாகுபாடான தேர்தல் விதிகளைத் தடுக்கும் இரண்டாம் பிரிவும் லூசியானா வழக்கின் மூலம் உச்ச நீதிமன்றத்தின் முன் நிற்கிறது. 2025 அக்டோபர் 15 அன்று மறுவிசாரணை முடிந்து, தீர்ப்புக்குக் காத்திருக்கிறோம்.

கோடுகளைப் போலவே பட்டியலும் போர்க்களமாகிவிட்டது. 2024 நவம்பரில் எங்கள் மாநில உச்ச நீதிமன்றத்துக்கான தேர்தலில் நீதிபதி அலிசன் ரிக்ஸ் 734 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தோற்ற ஜெஃபர்சன் கிரிஃபின் முடிவை ஏற்காமல், 65,000க்கும் மேற்பட்ட வாக்குகளைச் செல்லாதவையாக்கக் கோரினார். அவற்றுள் பெரும்பகுதி, ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் இறுதி நான்கு இலக்கங்களோ பதிவேட்டில் காணப்படவில்லை என்ற காரணத்தால் எதிர்க்கப்பட்டவை. வாக்காளர் செய்த தவறு என்று எதையும் சுட்டிக்காட்டவில்லை. ஆறு மாதம் இழுத்த வழக்கில், டிரம்ப் நியமித்த நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ்தான் 2025 மே மாதம், தேர்தல் முடிந்தபின் விதியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்து அதை முடித்துவைத்தார். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதும் வழக்கமுள்ள எங்கள் மக்களுக்கு, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு வரிசையும் குடியுரிமைச் சான்றிதழில் வேறு வரிசையும் இருப்பது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கணினிப் பொருத்தத்தில் முதலில் இடறுபவை எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்களே. 2025 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை 220க்கு 208இல் நிறைவேற்றிய சேவ் சட்ட மசோதா, வாக்காளர் பதிவுக்கே குடியுரிமை ஆவணத்தை நேரில் காட்டச் சொல்கிறது. முதல்முறை கடவுச்சீட்டு எடுக்க 165 டாலர் ஆகும் நாட்டில், அது எவரை வடிகட்டும் என்பது அதை எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

தேர்தலை நடத்தும் வாரியத்தையும் விட்டுவைக்கவில்லை. ஹெலீன் சூறாவளியில் மலைப்பகுதி மக்கள் வீடிழந்து நின்றபோது, 2024 டிசம்பரில் பேரிடர் நிவாரணம் என்று தலைப்பிட்ட சட்டத்துக்குள் வைத்து, மாநிலத் தேர்தல் வாரிய உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து பிடுங்கி, குடியரசுக் கட்சி வென்றிருந்த மாநிலத் தணிக்கையாளர் பதவிக்கு மாற்றினார்கள். ஆளுநரின் மறுப்பாணையையும் மீறி அது சட்டமானது.

இவை அனைத்தும் எதிர்க்கட்சியின் குற்றப்பட்டியல்தானே, எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். 2021, 2022 ஆகிய இரண்டாண்டுகள் நாடாளுமன்றமும் வெள்ளை மாளிகையும் உங்களிடம் இருந்தன என்பதால்தான் எழுதுகிறேன். பிரதிநிதிகள் சபைத் தேர்தலின் விதிகளை நாடாளுமன்றம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அரசியல் சட்டத்தின் முதல் கூற்று, நான்காம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தொகுதி வழக்கில் கதவடைத்த தலைமை நீதிபதி ராபர்ட்ஸ்கூட நாடாளுமன்றத்திடம் இந்த அதிகாரம் இருப்பதைத் தம் தீர்ப்பில் சுட்டிக்காட்டியிருக்கிறார். 2021 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை 220க்கு 210இல் நிறைவேற்றிய மசோதா கட்சி ஆதாயத்துக்கான தொகுதி வளைப்பைத் தடை செய்திருக்கும். அது செனட்டில் சிக்கியதும் செனட்டர் ஜோ மேன்சினுடன் பேசிச் சுருக்கிய இன்னொரு மசோதா வந்தது. அதற்கு உங்கள் அணியின் 50 உறுப்பினர்களும் ஆதரவு. துணைக் குடியரசுத் தலைவர் கமலா ஹாரிஸின் வாக்கோடு சேர்த்தால் பெரும்பான்மை. ஆனால் 2022 ஜனவரி 19 இரவு, அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் விதிமாற்றம் 48க்கு 52இல் தோற்றது. மசோதாவை ஆதரிப்பதாகக் கூறிய மேன்சினும் செனட்டர் கிர்ஸ்டன் சினெமாவும் பழைய விதியை ஆதரித்து மசோதாவைப் புதைத்தார்கள்.

ஃபிலிபஸ்டர் என்ற அந்த 60 வாக்கு விதி அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. நெடுநாள் அது கறுப்பின மக்களின் சம உரிமைச் சட்டங்களைத் தடுக்கவே பெரிதும் பயன்பட்டது. ஜான் லூயிஸின் இறுதிச் சடங்கில் பராக் ஒபாமா அதை நிறவெறிச் சட்டக் காலத்தின் எச்சம் என்றே குறிப்பிட்டார். 2013இல் நீதிபதி நியமனங்களுக்காக நீங்களே அதைத் தளர்த்தினீர்கள். 2017இல் உச்ச நீதிமன்ற நியமனத்துக்காகக் குடியரசுக் கட்சி தளர்த்தியது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது 2021 டிசம்பரில் நடந்தது. அரசின் கடன் வரம்பை உயர்த்த ஒருமுறை மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று இரு கட்சிகளும் கூடி ஒரு வழி கண்டன. கடனுக்குச் செய்ய முடிந்த விதிவிலக்கை வாக்குரிமைக்கு ஏன் செய்யக் கூடாது என்று செனட்டர் ரஃபேல் வார்னாக் அதே வாரம் அவையில் எழுந்து கேட்டார். நான்கு ஆண்டுகளாகியும் அக்கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை.

விதியை நீக்கினால் எதிர்த்தரப்பு சேவ் சட்டத்தையும் இன்னும் கொடியவற்றையும் 51 வாக்கில் நிறைவேற்றிவிடாதா என்ற அச்சம் பொய்யானதன்று. அதை எளிதாகத் தள்ளிவிடுபவர்களை நானும் நம்புவதில்லை. ஆனால் அந்தத் தடுப்பு எவர் தயவில் நிற்கிறது என்று பாருங்கள். 2025இல் 43 நாள் அரசு முடங்கிக் கிடந்தபோது டிரம்ப் அவ்விதியை நீக்கும்படி தம் கட்சியினரை வெளிப்படையாக வற்புறுத்தினார். செனட் பெரும்பான்மைத் தலைவர் ஜான் தூன் இணங்காததால்தான் அது தப்பியது. ஒருவரின் தயக்கம் தேய்ந்தால் போய்விடும் பாதுகாப்புக்காக, நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில் எனக்கு விவேகம் தெரியவில்லை. அதே முடக்கத்தை உங்கள் அணியின் எட்டு செனட்டர்கள் மருத்துவக் காப்பீட்டு மானியம் நீடிக்கும் என்ற உறுதியைப் பெறாமல் முடித்துக்கொடுத்ததும், ஆண்டு முடிவில் அம்மானியங்கள் காலாவதியானதும் இதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டியவை.

நாடாளுமன்றம் செய்யாமல் விட்டதன் விளைவே இப்போது நடக்கும் வரைபடப் போர். 2025 ஆகஸ்டில் ஐந்து இடங்களைக் குறிவைத்து டெக்சாஸ் தொடங்கியது. மிசூரி, எங்கள் மாநிலம் என்று அது பரவியது. கலிஃபோர்னியா நவம்பரில் 50ஆம் முன்மொழிவின் மூலம் பதிலடி கொடுத்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் அதை ஆதரித்தார்கள். நான் கலிஃபோர்னியாவில் இருந்திருந்தால் நானும் ஆதரித்திருப்பேன், ஆனால் பட்டாசு வெடித்திருக்க மாட்டேன். குடிமக்கள் ஆணையம் ஒன்று பொறுப்புடன் வரைந்த வரைபடத்தை ஒதுக்கிவைத்து, கட்சிக்காரர்கள் வரைந்ததை 2030 வரை ஏற்கும் ஏற்பாடு அது. வேறு வழியில்லாமல் ஏற்றதைக் கொள்கை வெற்றியாகக் கொண்டாடும் உங்கள் பேச்சாளர்களைக் கேட்கும்போது கூச்சமாக இருக்கிறது. 17 இடங்களில் 14ஐ உங்களுக்குத் தரும்படி 2021இல் வரையப்பட்ட இல்லினாய்ஸ் வரைபடத்துக்கு டெக்சாஸைக் காரணம் காட்டவும் முடியாது. இவ்விடத்தில் இந்தியானாவின் குடியரசுக் கட்சி செனட்டர்களைப் பாராட்டுவது கடமை. வெள்ளை மாளிகையின் நெருக்குதலையும் வந்த மிரட்டல்களையும் மீறி, டிசம்பர் 11 அன்று அம்மாநில செனட் புதிய வரைபடத்தை 31க்கு 19இல் நிராகரித்தது; நிராகரித்தவர்களில் 21 பேர் டிரம்ப்பின் சொந்தக் கட்சியினர்.

இப்போது நான் கேட்பதைக் காலக்கணக்கோடு சொல்லிவிடுகிறேன். வரும் நவம்பரில் இரு அவைகளையும் நீங்கள் வென்றாலும், டிரம்ப் பதவியில் இருக்கும்வரை இச்சட்டம் நிறைவேறாது, மறுப்பாணையில் முடியும். எனவே மெய்யான வாய்ப்பு, அது கிடைத்தால், 2029 ஜனவரியில்தான். 2030 கணக்கெடுப்பின் அடிப்படையில் 2031இல் நாடு முழுவதும் தொகுதிகள் மீண்டும் வரையப்படும். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளைத் தவறவிட்டால், அடுத்த பத்தாண்டுக்கான கோடுகளும் இதே கைகளால் வரையப்படும். 2021இல் நீங்கள் செய்ததுபோல, மற்ற மசோதாக்கள் எல்லாம் முடியட்டும் என்று இதை ஒத்திவைக்க முடியாது. ஆகவே செனட்டுக்குப் போட்டியிடும் உங்கள் ஒவ்வொரு வேட்பாளரிடமும், எங்கள் மாநிலத்தின் ராய் கூப்பர் உட்பட, வாக்குரிமைச் சட்டத்துக்காக 60 வாக்கு விதியை மாற்ற ஆதரவு தருவேன் என்ற உறுதியைப் பகிரங்கமாகப் பெறுங்கள். அதைத் தர மறுப்பவர் யார் என்பதை நாங்கள் இப்போதே அறிய வேண்டும். 2022இல் போல, வாக்கெடுப்பு நடக்கும் இரவில் அறிவது பயன் தராது. அச்சட்டம் இல்லினாய்ஸையும் மேரிலாந்தையும் டெக்சாஸைப் போலவே கட்டுப்படுத்தும் என்பதையும் அந்த உறுதியிலேயே எழுதுங்கள். இழந்த ஐந்தாம் பிரிவின் முன்ஒப்புதல் முறையைப் புதிய அளவுகோலுடன் மீட்கும் ஜான் லூயிஸ் சட்டமும் அதில் அடங்க வேண்டும்.

மார்ட்டின் அவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. 2024 மார்ச்சில் எங்கள் மாநிலத்தின் குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கான முதனிலைத் தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் வாக்குச்சீட்டில் இருந்த பெயர் ஜோ பைடன் மட்டுமே; அதற்குக் கீழே, எவருக்கும் விருப்பமில்லை என்பதற்கான ஒரு கட்டம். ஜூலை 21 அன்று அவர் விலகியபின் ஹாரிஸுக்குக் கிடைத்தவை 107 நாட்கள். தமிழ்நாட்டின் துளசேந்திரபுரத்தில் வேர்கொண்ட ஒருவர் அப்பதவிக்கு நிற்கிறார் என்ற பெருமையை எங்கள் வீடுகளில் உணராதவர்கள் குறைவு, ஆனால் அவரை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்ததில் எங்களுக்குப் பங்கு இல்லை. தோல்விக்கான காரணங்களை ஆராயச் செய்த அறிக்கையை வெளியிடப் போவதில்லை என்று 2025 டிசம்பரில் உங்கள் குழு முடிவு செய்தது. பின்னோக்கிப் பார்ப்பது கவனத்தைச் சிதறடிக்கும் என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. நன்கொடை கொடுத்தவர்களுக்கும் வீடுவீடாகக் கதவு தட்டியவர்களுக்கும் அந்த அறிக்கையைப் படிக்கும் உரிமை உண்டு. வாக்காளரை நம்பும்படி நாட்டுக்குச் சொல்லும் கட்சி, தன் வாக்காளரிடமிருந்து ஆவணத்தை ஒளிக்கலாகாது.

வட கரோலைனாவின் முதனிலைத் தேர்தல் மார்ச் 3 அன்று நடக்கிறது. முன்கூட்டிய வாக்களிப்பு பிப்ரவரி 12 அன்று தொடங்குகிறது. செனட் வேட்பாளர்களின் உறுதிமொழியை அந்த நாளுக்கு முன் வெளியிட இன்னும் நேரம் இருக்கிறது. வெளியிட்டால், முதலாம் தொகுதியின் கவுண்டிகளில் கதவு தட்டச் செல்லும் தன்னார்வலர்கள் அதன் நகலைக் கையில் எடுத்துச் செல்வார்கள். நானும் அவர்களுடன் செல்வேன். வெளியிடாவிட்டால், உங்கள் வேட்பாளர்கள் எங்கள் ஊர்க் கூட்டங்களுக்கு வரும்போது இதே கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்பதென்று எங்களில் சிலர் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வேக் கவுண்டியின் ஒரு வாக்காளர்